பெரட்டுக் களத்தில் ஊன்றிய கால்

மச்சான்,

திருவிழா விடுமுறையன்று பெரட்டுத் தப்பு அடித்தார்கள். வேலை இல்லாத நாளில், வேலைக்கு ஆள் கூப்பிடும் தப்புப் பறையை அடித்து, சைக்கிளில் இருந்த உன்னைக் கீழே இறக்கினார்கள். இறக்கிவிட்டு, நீயாகத்தான் தோற்றாய் என்றார்கள். கொடுப்பதாகச் சபையில் சொன்னதைக் கொடுக்காமல் போனார்கள். அது அநியாயம். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்ல மாட்டேன்.

இன்று விடிகாலையில் தப்படிக்கிற ராமையா தப்பைக் காய்ச்சிக்கொண்டிருந்தான். பனியில் தொய்ந்துபோன தோலை மிலாறு நெருப்பில் காட்டுவானே, வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சியின் புகையும் மாட்டுத்தோலின் கருகலும் கலந்து வருமே, அந்த வாசனை இஸ்தோப்புத் திண்ணையைத் தாண்டி, நான் படுத்திருந்த காம்பிராவுக்குள் வந்தது. சத்தம் வருவதற்கு முன்பே என் கால் கம்பளிக்கு வெளியே வந்துவிட்டது. பேர்ப் புத்தகத்தில் எனக்குப் பேர் வெட்டி, வேலையிலிருந்து நிறுத்தி இரண்டு வருஷமாகிறது. தோட்டத்துக்கு நான் இனி வேண்டாம். என் காலுக்கு மட்டும் யாரும் அதைச் சொல்லவில்லை.

எழுத உட்கார்ந்ததிலிருந்து உட்கார முடியவில்லை. ஒரு வரி எழுதுகிறேன், எழுந்து வாசலுக்குப் போகிறேன், மேட்டு லயத்து வரிசை வீடுகளைப் பார்க்கிறேன், திரும்பி வருகிறேன். தண்ணீர் குடிக்கிறேன். மறுபடியும் எழுந்திருக்கிறேன். உன் கருமாதி முடிந்த நாளிலிருந்து இப்படித்தான்.

உன் கருமாதியில் நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டும். சாப்பாட்டுக்கு முன்னால் நாலு பேர் எழுந்து உன்னைப் பற்றிப் பேசினார்கள். பெரிய கங்காணியின் மகன் பேசினான். அப்பன் செத்தபிறகு அவன்தான் இப்போது கோயில் கமிட்டிக்குத் தலைவன், தலவாக்கலையில் கடை வேறு. கையைக் கட்டிக்கொண்டு ரொம்பப் பணிவாகத்தான் பேசினான்.

"மனுசன் தங்கமான மனுசன். நல்லது செய்யணும்னு நெனைச்சாரு. என்னா, எடுத்த காரியத்த முடிக்கத்தான் ஏலாமப் போச்சு. சைக்கிள் கதை ஒங்களுக்கெல்லாம் தெரியுந்தானே."

சிரித்தார்கள் மச்சான். சாவு வீட்டில் சிரிப்பது மாதிரி, வாய்க்குள்ளேயே சிரித்தார்கள். நான் எழுந்தேன். உன் மீனாட்சி என் வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

"அண்ணே, இன்னைக்கு வேணாண்ணே."

உட்கார்ந்தேன். இன்றைக்கு வேண்டாம் என்றால் என்றைக்கு என்று அவள் சொல்லவில்லை. அதனால் நானே ஒரு நாளைக் குறித்துக்கொண்டேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முதல் உன் தம்பிதான். இப்போது இருக்கும் இளவட்டங்களுக்கு அது தெரியாது. பத்து வயதுகூட நிரம்பாத பயலைக் கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்பினார்கள். அனுப்பியது பெரிய கங்காணி. "சாப்பாடு, துணிமணி, பெரிய எடம்" என்று உன் ஆத்தாவிடம் சொல்லி அழைத்துக்கொண்டு போனார். அப்புறம் யாரும் போய்ப் பார்க்கவில்லை. போய் வரக் காசு இல்லை, வழி தெரியாது, கேட்க வாய் இல்லை. நீ பெரியவனாகி வழி விசாரித்துக்கொண்டு போனபோது அந்த வீட்டில் வேறு ஆட்கள் இருந்தார்கள். முன்பிருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. வட்டகொடை ஸ்டேசனில் நீ ரயிலிலிருந்து இறங்கி வந்த முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பாதி மலை ஏறியபிறகு நீயாகச் சொன்னாய்.

"ஒருத்தன் போயிருந்தா போதும் மச்சான். வருசத்துக்கு ஒருவாட்டி ஒருத்தன் போய், பயல் இருக்கானான்னு எட்டிப் பாத்திருந்தா போதும்."

அதை நீ விடவேயில்லை. கவ்வாத்து மலையில் பக்கத்துப் பக்கத்து நிரையில் தேயிலையை வெட்டிக்கொண்டு போகும்போதும் அதே பேச்சு. பள்ளிக்கூடத்தை விட்டு நிற்கும் ஒவ்வொரு பயலுக்கும் ஒரு ஆள் வேண்டும். அப்பன் ஆத்தா கணக்கில்லை, அவர்களுக்கு மலையை விட்டால் வேறு திக்கில்லை. வெளியே ஓர் ஆள். பயல் எங்கே இருந்தாலும் போய்ப் பார்க்கிற ஆள். சாப்பிட்டாயா, அடிக்கிறார்களா, என்ன வேலை கற்றுக்கொள்கிறாய், கற்றுக்கொடுக்கிறார்களா இல்லையா என்று கேட்கிற ஆள். தையல் படிக்க வேண்டுமென்றால் கடைக்காரரிடம் பேசிச் சேர்த்துவிடுகிற ஆள். நீ அதற்கு ஒரு பெயரும் வைக்கவில்லை. 'பாக்கப்போற ஆளு' என்பாய், அவ்வளவுதான்.

நான் அன்றைக்கே வாதாடினேன். "ஓட்டு இல்லைங்கிறான், நாட்டுல பேரே இல்லைங்கிறான். ஒனக்கே ஒரு ஆள் இல்ல, நீ பயலுகளுக்கு ஆள் தேடுறியா?" என்றேன்.

"அதுக்குத்தான்டா" என்றாய். "எந்தக் கந்தோர்ப் புத்தகத்துலயும் பேர் இல்லாதவன ஒருத்தனாவது போய்ப் பாக்கணுமில்ல?"

அப்படியானால் என்னையும் ஓர் ஆளாகச் சேர்த்துக்கொள் என்றேன். உருளைக்கிழங்கு சுற்றி வந்த பேப்பரில் எழுத்துக்கூட்டிப் படித்தவன் நான். அதற்குமேல் வாதாட அதில் எங்கே படித்தேன்?

ஆட்களைச் சேர்த்துவிட்டாய். தேயிலை ஆலை டீமேக்கர் ஐயாவிடம் கணக்கெழுதும் கிளாக்கர் ஒருவர், தலவாக்கலையில் சைக்கிள் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா, டயகமவில் தச்சுவேலை செய்த உன் சித்தப்பா மகன், நான். போய் வரத்தான் வழியில்லை. ரயிலுக்கு வேண்டும், பஸ்ஸுக்கு வேண்டும், வெறுங்கையோடு போய்ப் பயலைப் பார்க்க முடியாது. நாளுக்கு ஒரு பேர் போட்டுத் தரும் கூலியில் இதெல்லாம் நடக்கிற காரியமா?

அப்போதுதான் தலவாக்கலைக்கு அந்த இந்தியாக்காரன் வந்தான். சந்தைக்குப் பக்கத்துத் திடலில் சைக்கிளிலிருந்து இறங்காமல் ராப்பகலாகச் சுற்றினானே, சனம் அவன் சட்டையில் நோட்டைக் குத்திவிட்டுப் போனதே. நீ திறந்த வாய் மூடாமல் பார்த்துக்கொண்டிருந்தாய். அன்று திரும்பி வரும்போது, லயத்துக்குக் கீழே வந்ததும் சொன்னாய்: "அவன் வவுத்துக்குச் சுத்துறான். நான் பயலுகளுக்குச் சுத்துறேன்."

"நாப்பது வயசுல ஒனக்குப் பைத்தியமாடா?"

"சைக்கிளுக்கு என் வயசு தெரியாது மச்சான்."

நானாவுக்குத் தெரிந்திருந்தது. சைக்கிளைக் கொடுக்கும்போதே உன்னை மேலும் கீழும் பார்த்தார். "பெடல் புதுசு. சீட்டுக்குள்ள தும்பு வச்சுத் தைச்சிருக்கேன். வாடகை வேணாம். ஒரே ஒரு ஒப்பந்தம், விழுந்தீங்கன்னா சைக்கிள் மேல, நீங்க கீழ. மாத்தி விழுந்துறப்படாது" என்றார்.

எங்கே சுற்றுவது? மலையில் சமதரை என்றால் அது ஒன்றுதான். பெரட்டுக் களம். தினமும் விடியுமுன் தப்புச் சத்தத்துக்கு ஓடிவந்து நிரையாக நின்று, பேர் கூப்பிடக் காத்திருந்து, எந்த மலைக்குப் போவது என்று தலையைக் குனிந்து கேட்டுக்கொள்ளும் இடம். அங்கே சைக்கிள் விடப்போகிறாய் என்று கேட்டுத் தோட்டமே சிரித்தது. தோட்டத்துத் துரை அனுமதி கொடுத்தார். திருவிழா நாளில் பெரட்டு கிடையாது, களம் சும்மாதானே கிடக்கிறது என்றார்.

காப்புக் கட்டிய மறுநாள் மாலை கோயில் வாசலில் சபை கூடியது. நீ கும்பிட்டுவிட்டுச் சொன்னாய்: தேர் புறப்பட்டு, தோட்டத்து டிவிசன் எல்லாம் சுற்றிவிட்டு மூன்றாம் நாள் கோயிலுக்குத் திரும்புகிற வரைக்கும் கால் மண்ணில் படாமல் சைக்கிள் விடுகிறேன், முடித்தால் உங்களால் ஆனதைப் பயல்களுக்காகக் கொடுங்கள். எல்லோரும் பெரிய கங்காணியைப் பார்த்தார்கள். துரையும் நின்றுகொண்டிருந்தார். அவர் என்ன செய்வார்? முடியாது என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். கொழும்புக்குப் பயல்களை அனுப்பியது அவர்தானே. தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார்.

"இவன் கால் மண்ணுல படலேன்னா, பயலுகளப் போய்ப் பாத்துட்டு வர்ற செலவு வருசா வருசம் என்னுது. இது சபையில சொல்றது."

கை தட்டினார்கள். கங்காணி கொடுத்தால் நாங்களும் கொடுக்கிறோம் என்று கடைக்காரர்கள், கணக்கப்பிள்ளைமார், ஒவ்வொருவராகச் சொன்னார்கள். நீ முதல்நாள் பொழுது சாயுமுன்பே விழுவாய் என்று கங்காணி நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நீ விழவில்லை.

அந்த வட்டத்தை நான் மறக்கவில்லை. முதலில் சிரிப்பும் சீட்டியும். பயல்கள் பின்னால் ஓடினார்கள். மீனாட்சி கோப்பையைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் ஓடிக்கொண்டே திட்டினாள். "கல்யாணம் கட்டி இத்தன வருசத்துல இவரு பின்னாடி நான் ஓடுனதில்ல. இப்ப ஊரு பாக்க ஓட வச்சிட்டாரு. குடிங்க, சுடுது, ஊதிக் குடிங்க! ஊதாதீங்க, கைப்பிடிய விட்டுறாதீங்க!" நீ ஒரு கையால் வாங்கிக் குடித்துவிட்டுக் கோப்பையைத் திருப்பிக் கொடுக்காமல் அடுத்த சுற்றுக்குப் போய்விட்டாய். அவள் நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "கோப்பையக் குடுத்துட்டுச் சுத்துங்க! வீட்டுல இருக்கிறது ரெண்டு!"

நீ ஒன்றுக்கு ஒதுங்க வேண்டி வந்தபோது நாலு பேர் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கைச் சுற்றிலும் பிடித்துக்கொண்டு உன்னோடேயே ஓடினோம். அதில் ஒரு மூலை நான். என்ன கேலி, என்ன கத்தல். கொத்மலையிலிருந்து மரக்கறி கொண்டுவரும் சிங்களக்காரர் அப்புஹாமி கூடையை இறக்கிவைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

மறுநாள் மழை பெய்தது. களம் சேறானது. சிரிப்பு குறைந்தது. நீ தலையில் கம்பளியைப் போட்டுக்கொண்டு சுற்றினாய். உன் முகம் வெளுத்துவிட்டது. இறங்கிவிடு என்று சொல்லத்தான் பக்கத்தில் நடந்தேன். நீயே பேசினாய். "கால் மறந்துரும் மச்சான். சுத்தச் சுத்த, கீழ தரை இருக்கிறதே மறந்துரும்."

அப்போதிலிருந்து சனம் மாறிவிட்டது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் போகாமல் உட்கார்ந்துவிட்டார்கள். பெண்கள் தேங்காய் உடைத்தார்கள். இரண்டாம் இரவு தோட்டத்தில் பாதிப் பேர் களத்தைச் சுற்றிக் கம்பளி போர்த்திப் படுத்துக்கொண்டார்கள். காலையில் தேர் கடைசி டிவிசனை விட்டுக் கிளம்பும், மத்தியானம் திரும்பும். கங்காணி வந்து பார்த்துவிட்டுப் போனார். அந்த முகத்தில் இருந்ததை நான் பார்த்தேன்.

விடியும் நேரம். எனக்குக் கண் சொக்கியது. முதலில் வாசனை வந்தது, அந்தக் கருகல் வாசனை. அப்புறம் தப்பு.

பெரட்டுத் தப்பு. திருவிழாத் தப்பு வேறு, சாவுத் தப்பு வேறு. பெரட்டுத் தப்பு எதற்கும் சேராது. அது காதுக்குப் போகாமல் நேராகக் காலுக்குப் போகும்.

மச்சான், உன்னை மட்டும் சொல்கிறார்கள். அன்றைக்கு நடந்ததை நான் முழுசாக எழுதுகிறேன், இருக்கட்டும். களத்தைச் சுற்றிப் படுத்திருந்த அத்தனை பேரும் எழுந்தார்கள். பெண்கள் கண்ணைத் திறக்காமலே கையால் கூடையைத் துழாவினார்கள். பூசாரி விளக்குத் தட்டைப் பாதிப் படியில் வைத்துவிட்டு ஓடிவந்தார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. எல்லோரும் அவரவர் இடத்தில், அவரவர் நிரையில் போய் நின்றார்கள். நானும் நின்றேன். அதற்கு நான் வெட்கப்பட மாட்டேன். வெட்கப்பட வேண்டியவர்கள் எங்களை அப்படிப் பழக்கியவர்கள்.

நீ சைக்கிளை மெதுவாக ஓரம் கட்டினாய். இறங்கினாய். பெரட்டுக் கொட்டகைச் சுவரில் அதைச் சாய்த்து, விழாமல் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு, எனக்கு இடப்பக்கம் வந்து நின்றாய். பத்து இருபது வருஷமாக நீ நிற்கும் இடம். உன் கை இடுப்புக்குப் போனது.

உட்கார்ந்த இடத்திலேயே இருந்தவர்கள் இரண்டே பேர். நானாவும் அப்புஹாமியும். தோட்டத்தில் பேர் இல்லாத அவர்கள் கால்களுக்கு அந்தச் சத்தம் தெரியாது. அப்புஹாமி மிரண்டுபோய்க் கேட்டார்: "என்னா? வீடு பத்துதா?"

அந்தக் கேள்விதான் எங்களை எழுப்பியது. ஒருவரையொருவர் பார்த்தோம். இன்றைக்குத் திருவிழா. துரை இல்லை, கணக்கப்பிள்ளை இல்லை, பேர்ப் புத்தகம் இல்லை. வெறும் களத்தில் வரிசையாக நிற்கிறோம். அப்புறம் எல்லோரும் உன் காலைப் பார்த்தார்கள். சேற்றில் கணுக்கால் வரை புதைந்திருந்தது.

பெரிய கங்காணி குடையோடு மேட்டில் நின்றார். முதலில் சிரித்தது அவர்தான்.

ராமையா தப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடிவந்தான். உன்னைப் பார்த்ததும் அவன் முகம் செத்துவிட்டது. "பெரிய கங்காணி ஐயாதான் அடிக்கச் சொன்னாங்க. அவசரமா ஆள் வேணும்னாங்க. நான் அடிச்சேன். இதுக்குன்னு தெரியாதுங்க, சத்தியமாத் தெரியாது." எல்லோர் முன்னாலும் சொன்னான். எல்லோர் காதிலும் விழுந்தது. ஒளிவு மறைவு ஒன்றும் இல்லை. யார் செய்தது, எதற்குச் செய்தது என்று அன்று களத்தில் நின்ற ஒவ்வொருவருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே பேசாமல் இருந்தார்கள். அதுதான் எனக்கு ஆறவில்லை.

கங்காணி இறங்கி வந்தார். "என்னப்பா, கால் பட்டுருச்சே. சபையில சொன்னது சொன்னதுதான்."

நான் கத்தினேன். "தப்பு அடிச்சது நீங்கதானுங்களே!"

"தப்பு அடிச்சா இவன் ஏன் எறங்கணும்? இன்னைக்கு வேல இல்லைன்னு இவனுக்குத் தெரியாதா? புத்தி எங்க போச்சு?"

உன்னைப் பார்த்தேன். நீயாவது பேசுவாய் என்று பார்த்தேன். நீ உன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாய். "இடுப்புல கவ்வாத்துக் கத்தியத் தேடுனேன் மச்சான்" என்றாய், ஏதோ ரொம்ப ஆச்சரியமான சங்கதி போல.

கங்காணி கொடுக்கவில்லை என்றதும் கடைக்காரர்கள் கொடுக்கவில்லை. கணக்கப்பிள்ளைமார் கொடுக்கவில்லை. சனம் கம்பளியைச் சுருட்டிக்கொண்டு கலைந்தது. நாங்களும் அதே வரிசையில் நின்றோமே என்று ஒருவராவது வாய் திறக்க வேண்டுமே! தாங்கள் நின்றதை மறைக்கத்தான் உன்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்த வாரமே உனக்குப் பட்டம் வைத்தார்கள், 'பெரட்டு சைக்கிள்' என்று. "பெரட்டு சைக்கிள் வருது, வழிவிடு." சாகிற வரைக்கும் அதைக் கேட்டாய்.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததை அவர்கள் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் நாங்கள் ஐந்து பேர். நான், மீனாட்சி, நானா, அப்புஹாமி, ராமையா. நீ கால் சேற்றைப் புல்லில் துடைத்தாய். சுவரில் சாய்த்த சைக்கிளை எடுத்தாய்.

"என்னா பண்றீங்க? அதான் முடிஞ்சிருச்சில்ல" என்றாள் மீனாட்சி.

"தேர் இன்னும் வரல" என்றாய்.

ஏறினாய். சுற்றினாய். வெறும் களத்தில், யாரும் கொடுக்கப்போவதில்லை என்று தெரிந்துகொண்டே, மத்தியானம் தேர் கோயிலுக்குள் நுழைந்து மணி அடிக்கிற வரைக்கும் சுற்றினாய். எடுத்த காரியத்தை முடிக்க முடியாதவனா நீ? அப்புஹாமி அன்றைய மரக்கறிக் காசை அப்படியே உன் சட்டைப்பையில் வைத்தார். நானா தலைத்தொப்பியைக் கழற்றி அதற்குள் கையிலிருந்ததைப் போட்டு ராமையாவிடம் நீட்டினார். ராமையா தன் பங்கைப் போடும்போது அழுதான். எழாத இரண்டு பேரும், அடித்த ஒருவனும். கொடுத்தவர்கள் அவர்கள்தான்.

அந்தக் காசில்தான் நாம் முதல் தடவை கொழும்புக்குப் போனோம். மீனாட்சி ரொட்டியும் காரச் சம்பலும் கட்டிக் கொடுத்தாள். பெரிய வீடு, பின் வாசல். நம் தோட்டத்திலிருந்து போன பயல் சிவலிங்கம் வெளியே வந்தான். கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றான். அந்த வீட்டு அம்மா கதவுக்குள்ளிருந்தே கேட்டார்.

"யார் நீங்க? இவனைக் கூட்டிக்கொண்டு போக வந்தீங்களா?"

"இல்லீங்க அம்மா. சும்மா பாக்க வந்தோங்க" என்றாய். அப்புறம் இன்னும் கொஞ்சம் குனிந்து, "அடுத்த மாசமும் வருவோங்க."

அந்த 'அடுத்த மாசம்' என்ற சொல் அந்த அம்மாவின் முகத்தில் என்ன செய்தது என்று நான் பார்த்தேன். சிவலிங்கத்துக்கு உட்கார ஒரு பலகை வந்தது. ரயிலில் திரும்பும்போது நீ தூங்கவில்லை, சன்னல் கம்பியை விரலால் தட்டிக்கொண்டே வந்தாய். "பாக்க ஆள் இருக்குன்னு தெரிஞ்சாப் போதும். பாதி வேல அதுலயே முடிஞ்சிருது" என்றாய்.

மறு மாசம் போக வழியில்லாமல் ஆட்டை விற்றாய். அதற்கு அடுத்த மாசம் என்ன விற்றாய் என்று நான் கேட்கவில்லை. மீனாட்சியின் காதைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். உன்னால் முடிந்தது இரண்டு மூன்று பயல்கள். மற்றவர்களைப் பார்க்க ஆள் போகவில்லை. கங்காணி சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தால் அத்தனை பேரையும் பார்த்திருப்போம். எத்தனை பயல்கள் எந்தெந்தப் பின் வாசலில் நின்று ரோட்டைப் பார்த்தார்களோ, எனக்குத் தெரியாது. தெரியாததுதான் என்னை உட்கார விடவில்லை.

சிவலிங்கம் இன்று ஹட்டனில் சொந்த மெஷின் போட்டுத் தைக்கிறான். உன் பாடையை முன்னால் தூக்கியவன் அவன்தான். நீ போய்ப் பார்க்காத பயல்கள் யாரும் உன் சாவுக்கு வரவில்லை. எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்தால்தானே சொல்லி அனுப்ப முடியும்?

இப்போது நான் குறித்த நாளைச் சொல்கிறேன். வருகிற திருவிழாவில் நான் சைக்கிள் விடப்போகிறேன். சிரிக்காதே. எனக்குச் சைக்கிள் விடத் தெரியாது என்று உனக்குத் தெரியும். இந்த மாசம்தான் கற்றுக்கொள்கிறேன். விழுந்ததில் முட்டி வீங்கியிருக்கிறது. மீனாட்சி நல்லெண்ணெய் காய்ச்சித் தந்துவிட்டு, "அண்ணனுக்குந் தம்பிக்கும் ஒரே பைத்தியந்தான்" என்கிறாள். நானும் நீயும் அண்ணன் தம்பியும் இல்லை, முறை மச்சானும் இல்லை, அடுத்தடுத்த காம்பிராக்காரர்கள் என்பதெல்லாம் அவளுக்கு மறந்துவிட்டது.

சைக்கிளைவிடக் கஷ்டம் வேறொன்று. தினமும் விடியுமுன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து இரண்டு காலையும் தரையிலிருந்து தூக்கி வைத்துக்கொள்கிறேன். தப்பு அடிக்கிறது. கால் இறங்குகிறது. நான் இறக்குவதில்லை மச்சான், அதுவாக இறங்குகிறது. நேற்றும் இறங்கியது. இன்றும் இறங்கியது. புத்தி எங்கே போச்சு என்று கேட்டாரே கங்காணி, புத்தி தலையில்தான் இருக்கிறது. கால் அவர்களிடம் இருக்கிறது. அதைத்தான் நான் திரும்ப வாங்க வேண்டும். வாங்குகிற வரைக்கும் விட மாட்டேன்.

இனி ஆக வேண்டியவை.

கங்காணி மகன் அதே கோயில் வாசலில், அதே சபையில், தன் அப்பன் சொன்ன சொல்லைத் தன் வாயால் சொல்ல வேண்டும். நான் ஏறுவதற்கு முன்னால் சொல்ல வேண்டும். நான் ஜெயிப்பதற்காக அல்ல. நீ தேர் வரும்வரை சுற்றினாய், அதற்குரியதைக் கொடுக்க வேண்டும்.

அன்று வரிசையில் நின்றுவிட்டுச் சிரித்தவர்களில் உயிரோடு இருக்கிறவர்கள், 'நாங்களும் நின்றோம்' என்று சபையில் சொல்ல வேண்டும். அவ்வளவு போதும். அதற்குக் காசு செலவில்லை.

பூசாரியும் சொல்ல வேண்டும். அந்தத் தட்டு எந்தப் படியில் இருந்தது என்று எனக்குத் தெரியும்.

நானாவின் மகன் அதே சைக்கிளைத் தேடி எடுத்துக் கொண்டுவர வேண்டும். புதுசு வேண்டாம்.

அப்புஹாமிக்கு இப்போது பார்வை சரியில்லை. யாராவது ஒருவர் கொத்மலைக்குப் போய்க் கையைப் பிடித்து அழைத்துவந்து முன்வரிசையில் உட்கார வைக்க வேண்டும்.

சிவலிங்கம் இந்த வருஷம் மலையை விட்டுப் போகும் பயல்கள் ஒவ்வொருவரையும் எந்த வீட்டுக்கு, எந்தக் கடைக்குப் போகிறார்கள் என்று கேட்டுவைத்து, மாசம் ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும். போய், அடுத்த மாசமும் வருவேன் என்று சொல்லிவிட்டு வர வேண்டும்.

மீனாட்சி எனக்கு ஓடிவந்து தேத்தண்ணி கொடுக்க வேண்டாம். அவள் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

ராமையா கடைசி நாள் விடியற்காலையில் பெரட்டுத் தப்பு அடிக்க வேண்டும். யாரும் சொல்லி அல்ல, நான் கேட்டு. கைக்கு வந்த மட்டும் ஓங்கி அடிக்க வேண்டும்.

நான் இறங்கக் கூடாது.

நீ செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான் மச்சான். அன்றைக்கு அந்தச் சத்தம் உன் இடத்துக்கும் கேட்கும். எழுந்துவிடாதே.